மூட்டை கட்டும் முன்னே இதெல்லாம் தெரியுமா?

சில நாடுகள் போதைப்பொருளாகப் பார்க்கும் ஒன்று உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது, தெரியுமா?

கசகசா! ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோமே, அதேதான்! அபினிச் செடியின் விதை அது. நம் மளிகைக் கடையில் சோம்பு, பட்டையோடு பொட்டலமாகத் தொங்குகிறது. அதையே துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கொண்டு போனால்? தடை செய்யப்பட்ட பொருள்! மகள் குடும்பத்துக்காகக் குருமா மசாலா அரைத்துக் கொடுத்தனுப்பும் பாட்டிகளே, தயவுசெய்து கவனியுங்கள்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் யாரோ ஒருவர் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருக்கிறார். ஹாலில் பெட்டி திறந்து கிடக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் விசா, டிக்கெட் என்று அலைகிறார்கள். ஆனால் ஆளை அசத்துகிற விஷயங்கள் எல்லாம் இந்தச் சின்னச் சின்னப் பொருட்களில்தான் ஒளிந்திருக்கின்றன!

கொப்பரைத் தேங்காய்க்கு ஐ.நா. ஒரு எண் கொடுத்திருக்கிறது, தெரியுமா? ஆபத்தான சரக்குகள் பட்டியலில் அதன் எண் 1363! தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருட்களின் வரிசையில் அது நிற்கிறது. அவ்வளவு எண்ணெய்! அதனால்தான் கைப்பையில் வைத்தாலும் சரி, பெரிய பெட்டியில் போட்டாலும் சரி, விமான நிலையத்தில் எடுத்து வெளியே வைத்துவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியா போகிறீர்களா? விமானத்தில் கொடுக்கும் அட்டையில் ஊறுகாய், வடகம், விதை, நெய் என்று எல்லா உணவுப் பொருளையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் மறைத்து மாட்டினால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம்! தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு விசாவே கூட ரத்தாகலாம்! ஒரு பாட்டில் ஆவக்காய்க்காக!

பல விமானங்களில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. நாலு பேர் குடும்பம் என்றால் மொத்தம் 184 கிலோ! ஒரு குடும்பத்தின் பத்து வருட வாழ்க்கை இந்த எடைக்குள் அடங்க வேண்டும்! ஆவடியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். மான்செஸ்டர் கிளம்புகிறார்கள். கொக்கித் தராசில் பெட்டியை மாட்டித் தூக்கினால் 23.4 காட்டுகிறது. எது கூடுதல் என்று துழாவினார் அக்கா. துணிகளுக்கு அடியில், காலுறைக்குள் சுற்றி, ஒரு உடைந்த ஓட்டுச் சில்லு! எட்டு வயது மகள் மொட்டை மாடியில் பாண்டி ஆடும் சில்லு அது. அக்கா ஒன்றும் பேசவில்லை. சில்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். ஒரு பாக்கெட் துவரம்பருப்பை எடுத்து வெளியே போட்டார்!

இப்போது பெயருக்கு வருவோம். இதுதான் பெரிய ஆச்சரியம்!

உலகத்தில் பெரும்பாலான படிவங்கள் 'குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்கின்றன. நமக்கு அது கிடையாது, இனிஷியல்தான்! பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியாக வேண்டும். விரித்தால் என்ன ஆகிறது, யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவுடையது. அம்மாவின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவுடையது. பிள்ளைகளுக்கோ அப்பாவின் பெயர். ஒரே வீட்டில் நாலு பேர், மூன்று குடும்பப் பெயர்! 'நீங்கள் எல்லாரும் ஒரே குடும்பமா?' என்று குடியேற்ற அதிகாரி ஏற இறங்கப் பார்த்தால் அவர் மேல் என்ன தப்பு?

கடைசிப் பெயரே போடாமல் ஒற்றைப் பெயராக விட்டால்? அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்! ஆசை ஆசையாகப் பெயர் வைத்த பிள்ளைக்கு!

2022 நவம்பரில் அமீரகம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டது! அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் சரி என்று பிறகு தளர்த்தினார்கள்.

வெளிநாட்டுப் பள்ளியில் பேரைக் கூப்பிடும்போது கதை இன்னும் வேடிக்கையாகலாம். 'முருகேசன்!' என்கிறார் டீச்சர். இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி எழுந்து நிற்கிறாள்! அப்பா பெயரைச் சொல்லியும் தன்னைக் கூப்பிடலாம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் நாள் திகைப்பு பாதியாகிவிடும்.

பெயரே இல்லாத பிறப்புச் சான்றிதழ் உண்டு, தெரியுமா? சட்டப்படி குழந்தை பிறந்ததைப் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் இலவசம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். நாற்பது வயதில் விசாவுக்காகத் தன் சான்றிதழைத் தேடி எடுத்தவர்களில் எத்தனையோ பேர், 'பெயர்' என்ற இடத்தில் வெறும் கோட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்திருக்கிறார்கள்! இன்றைக்கே உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள்!

ஒரு மாதக் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும்! சாதாரணமாக போட்டோவை பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே எடுத்துவிடுவார்கள். நாலு வயதுக்குக் கீழே இருந்தால் மட்டும் வெள்ளைப் பின்னணியில் நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும். தலை நிற்காத குழந்தையை வெள்ளை வேட்டியில் படுக்க வைத்து, கண் திறக்கும் நொடிக்காக மொத்தக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த பாஸ்போர்ட் ஐந்தே வருடம்தான். அதற்குள் முகமே மாறிவிடுகிறது!

பத்தாவது பாஸ் என்ற ஒரு மார்க் ஷீட் 18 நாடுகளின் கதவைத் திறக்கிறது, தெரியுமா? சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, பத்தாவது தேறாதவர் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். தேறியவர் நேராகப் போகலாம்!

அப்போஸ்டில் என்ற சதுர ஸ்டிக்கர் தெரியுமா? உங்கள் சான்றிதழ் நிஜம்தான் என்று உலகத்துக்குச் சொல்லும் ஸ்டிக்கர். 1961ல் ஹேக் நகரில் போட்ட ஒப்பந்தம் அது. இந்தியாவில் 2005 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் எப்போது? 2024 ஜனவரியில்! அமீரகம் இன்னும் சேரவில்லை. அதனால் அங்கே போகிறவர்கள் தூதரகம் வரை போய் முத்திரை வாங்குகிறார்கள்.

உங்கள் பிள்ளையின் தோளில் இருக்கும் அந்தச் சின்னத் தழும்பைப் பாருங்கள்! பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு. அமெரிக்காவில் அந்த ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டதே இல்லை. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுவந்ததை 2005ல் நிறுத்திவிட்டார்கள். அதனால் 'இது என்ன, அடிபட்டதா?' என்று வகுப்பில் யாராவது கேட்கலாம். ஆனால் அதைவிட ஆச்சரியம் கேளுங்கள்! அந்த ஊசி எவ்வளவு காக்கிறது என்று பார்க்க உலகத்திலேயே மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று எங்கே நடந்தது தெரியுமா? நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்! 1968ல் தொடங்கியது. மூன்றரை லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்றைக்கு அந்த மாவட்டம்தான். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது உலகமே திகைத்தது! குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளிலிருந்து காக்கிறது என்பதால்தான் இன்றைக்கும் பிறந்ததும் போடுகிறோம்.

அம்மை ஊசி? சின்னம்மைக்கான தடுப்பூசி நம் அரசு அட்டவணையில் இல்லை! அமெரிக்கப் பள்ளிகளோ அதைக் கேட்கின்றன. கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் பழைய ஊசி அட்டையைக் காட்டிவிடுங்கள். தொலைத்திருந்தால் இப்போதே தேடுங்கள்!

அங்கே போய்ப் பிளக்கைச் செருகும்போது இன்னொரு அதிர்ச்சி. நம் உருண்டை மூன்று முனை பிளக் பிரிட்டிஷ்காரர்கள் கொடுத்தது. அவர்களே 1947ல் சதுர முனை பிளக்கைக் கொண்டுவந்து இதைக் கைவிட ஆரம்பித்துவிட்டார்கள். நாம் விடவில்லை! அமெரிக்காவில் மின்சாரமே 120 வோல்ட். இங்கிருந்து கொண்டு போன 230 வோல்ட் கிரைண்டர் அங்கே ஈனஸ்வரத்தில் முனகும், மாவு அரைபடாது! கடையில் '110 வோல்ட் கிரைண்டர்' என்று கேட்டு வாங்குங்கள்.

இட்லிப் பொடிக்கும் சோதனை உண்டு! 2023 ஜனவரி முதல் அமெரிக்காவில் எள் ஒன்பதாவது பெரிய ஒவ்வாமைப் பொருள். வேர்க்கடலையை வாசலிலேயே நிறுத்தும் பள்ளிகள் எத்தனையோ! பிள்ளையின் டிபன் டப்பாவில் கடலைச் சட்னி வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைக் குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கப்பல் காலத்துக்கு ஒரு நிமிடம் போய் வரலாமா? 1860ல் சென்னையிலிருந்து 342 பேரோடு கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு! பிறகு ரஜூலா கப்பல். 1926ல் கட்டியது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடியது. ஒரே பயணத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி! இன்றைக்குச் சிங்கப்பூர் நாலு மணி நேரம்! 1993ல் சுந்தர் பிச்சை அமெரிக்கா போன விமான டிக்கெட்டுக்கு அவர் அப்பாவின் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம் போனது, தெரியுமா?

வெளிநாடு போய்த் திரும்பியவர்களால் அம்பத்தூருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? சைக்கிள்! முருகப்பச் செட்டியார் 1900ல் பர்மாவின் மௌல்மேனில் வட்டித் தொழில் தொடங்கினார். ஜப்பான் படை பர்மாவில் நுழையும் முன்பே குடும்பம் முதலீட்டை இங்கே கொண்டுவந்துவிட்டது. அந்தக் குடும்பம் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949ல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ்! ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அதன் சைக்கிள்கள். வெளிநாடு கிளம்பும் பிள்ளை கண்ணீரோடு பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போகும் சைக்கிளுக்குள் இப்படி ஒரு கதை!

கேந்திரிய வித்யாலயா மாஸ்கோவிலும் உண்டு, தெரியுமா? காட்மாண்டுவிலும், டெஹ்ரானிலும் கூட! ஆவடியில் படித்த அதே பாடப் புத்தகம், வெளியே பனி!

தமிழ் மறந்துவிடுமே என்ற கவலையா? சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி! மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள்! ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கே தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம்! கனடாவில் ஜனவரி முழுவதும் தமிழ் மரபுத் திங்கள்! 2001லேயே தொடங்கிய தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைக் கல்வி முதல் பட்டம் வரை இணையத்தில் நடத்துகிறது. இங்கே நம் பிள்ளைகளை ஆங்கில வழியில் போட்டுவிட்டு, அங்கே போய் வார இறுதியில் நாற்பது மைல் வண்டி ஓட்டித் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போகும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சரி, மான்செஸ்டர் போன அந்தச் சில்லுக்காரி என்ன ஆனாள்?

ஆவடியில் மூன்றாம் வகுப்பு. அங்கே போனதும் நாலாம் வகுப்பு! பரீட்சை கிடையாது. இங்கிலாந்தில் மார்க்கைப் பார்த்து வகுப்பு போடுவதில்லை, வயதைப் பார்த்துத்தான்! செப்டம்பர் 1 கணக்கு. ஆகஸ்ட் 31ல் பிறந்தவனும் செப்டம்பர் 1ல் பிறந்தவனும் ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு வகுப்பு முன்பின்!

ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெயில் அடிக்கிறது. 'சூரியன் இருக்கும்போது எப்படித் தூங்குவது?' என்று அவள் கேட்கிறாள். டிசம்பரிலோ நாலு மணிக்கே இருட்டு! சென்னையில் நீண்ட பகலுக்கும் குட்டிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே ஒன்பது மணி நேரத்துக்கும் மேல்!

பள்ளியில் அவள் வாயே திறக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அக்கா போனில் அழுதார். இப்படி ஒரு மௌன காலம் உண்டு, தெரியுமா? புது மொழிக்குள் விழும் குழந்தைகள் பலர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், பேசாமலே இருப்பார்கள். காது மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்! அதட்டாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், வீட்டில் தமிழில் நிறையப் பேசுங்கள்.

ஒரு நாள் இன்டர்வெலில் அவள் மைதானத்து மூலையைக் கவனித்திருக்கிறாள். தரையில் பெயிண்டில் கட்டம் போட்டிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று! பாண்டி! அதே நொண்டி ஆட்டம்! மறுநாள் சட்டைப் பையில் சில்லோடு போனாள். ஒரு கால் தூக்கிக் கடைசிக் கட்டம் வரை போய்த் திரும்பியபோது, பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்களாம். அவள் அங்கே சொன்ன முதல் ஆங்கில வார்த்தைகள்: 'உன் முறை!'

கடைசியாக ஒன்று. இதை வீட்டில் செய்து பார்த்தே ஆக வேண்டும்! இந்திய நேரம் காட்டும் முள் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். என்ன தெரிகிறது? இங்கிலாந்து நேரம்! நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதால் நடக்கும் அதிசயம்! சின்ன முள் மட்டும் லேசாக விலகி நிற்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், அப்போது மட்டும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

சில்லுக்காரியின் பாட்டி அயப்பாக்கத்தில் இருக்கிறார். தை மாதம் ஒரு நாள், நாலு மணி டீயை அடுப்பில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். பத்தரை! 'இன்டர்வெல் விட்டிருப்பார்கள்' என்றார்.