ஈகையும் மதமாற்றமும்

மன்னார்த் தீவிலே எருக்கலம்பிட்டியும் தோட்டவெளியும் அயலூர்கள். முன்னது முஸ்லிம்கள் வாழும் பழைய ஊர். பின்னதில், கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியமைக்காக 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்ட மன்னார் மக்களை நினைவுகூரும் ஆலயம் உளது. மாண்டோர் தொகை 600க்கு மேல் என்பர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கடலுக்கு அப்பால் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராய் ஞானஸ்நானம் பெற்றனர். பகைவரிடமிருந்து போர்த்துக்கேயர் அளித்த பாதுகாப்பு அதற்கு ஈடாக அமைந்தது. ஒரு கரையில் உதவிக்கு விலையாகச் சமயம் கேட்கப்பட்டது. மறு கரையில் சமயம் மாறியதற்கு விலையாக உயிர் கொள்ளப்பட்டது. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்தே மேலே செல்ல வேண்டும்.

அறச்செயலோடு மதப்பிரசாரமும் சேரலாமோ என்னும் வினா இந்துக் கல்லூரிகளுக்குப் புதியதன்று. அவை தோன்றிய காரணங்களுள் ஒன்றே அதுதான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஆங்கிலக் கல்வி வேண்டிய சைவப் பிள்ளைகள் மிசன் பாடசாலைகளில் விவிலிய வகுப்பிலும் அமர வேண்டியிருந்தது. அந்நிலை கண்டே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எனினும் அம்மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்ததையும், வைத்திய நூல்களைத் தமிழாக்கியதையும் நாம் மறத்தல் ஆகாது. அவர் மதப்பற்றினாலேயே இங்கு வந்தார். அப்பற்று இல்லையெனில் அவர் வந்திருக்கவே மாட்டார்.

ஆதலின், கொடுப்பவன் தன் சமயத்தை மறைக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பெறுபவன் மறுக்க இயலுமா என்பதே நாம் நோக்க வேண்டுவது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகளின் ஆணையால் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியாரும் அவருள் அடங்குவர். சில பைகளும் சொற்பப் பணமுமே உடன்கொண்டு மன்னார் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்து மக்கள் தம் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். அங்கே ஏற்போரும் ஈவோரும் ஒரே சமயத்தவர். ஆயினும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்: நனைந்த உடையோடு குழந்தையை ஏந்தி நிற்கும் ஒரு தாயிடம், ஒரு கோப்பைக் கஞ்சியைக் காட்டி எந்நிபந்தனை விதித்தாலும் அவள் இல்லையென்று சொல்ல வல்லளோ? அந்நிலையிற் பெறும் சம்மதம் சம்மதமே அன்று.

இதனைப் பாதிரிமாருள்ளும் உணர்ந்தோர் இருந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில், ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்திஸ்து மிசனைச் சேர்ந்த ஜோன் கிளஃப், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பசித்தோர்க்கு வேலையும் கூலியும் கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு வந்தோர் பலர். பஞ்ச உதவி நடக்குமளவும் அவர் அதனைக் கொடுக்க மறுத்துவிட்டார். உதவி நின்ற பின்னரும் அவர்கள் வந்தனர். 1878 யூலை 3ஆந் திகதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். உண்ட சோற்றின் நினைவே அவர்களை இழுத்தது என்று ஐயுறுவோர் ஐயுறலாம். சோற்றுக்கும் தீர்த்தத்துக்கும் இடையே அவர் ஓர் இடைவெளி வைத்தார் என்பதை மறுக்க முடியாது.

நம் நாட்டில் இவ்வினா நீதிமன்றத்துக்கும் சென்றது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் மசோதா 2003இல் உயர் நீதிமன்றத்தின் ஆராய்வுக்கு வந்தது. கற்பித்தலும் நோயாளர் பராமரிப்பும் செய்யும் சபை தன் சமயத்தைப் பரப்பும் நோக்கத்தையும் உடன்கொண்டால், எளியோரின் சமய சுதந்திரம் பாதிக்கப்படும் எனக் கருதி, அது அரசியலமைப்புக்கு முரண் என மன்று கூறியது. கன்னியர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். வற்புறுத்தல் நிகழ்ந்தமைக்குச் சான்று காட்டப்படவில்லை என்றும், இத்தடை அவர்தம் உரிமையை மீறியது என்றும் 2005இல் அக்குழு முடிவு கூறியது. எளியோன் நிலையை மன்று நன்குணர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் நடந்த செயலை நோக்காது நோக்கத்தை மட்டும் கொண்டு தீர்த்தமை பொருந்தாது என்றே நாம் எண்ணுகின்றோம். அவ்வளவுகோலால் அளந்தால், தேவாரத்தோடு அன்னதானம் செய்யும் நம் மடங்களும் தப்பமாட்டா.

பிறரைக் குறைகூறுமுன் நம் வீட்டு வாயிலையும் பார்த்தல் முறை. 1877இல் யாழ்ப்பாணத்துப் பஞ்சத்தின்போது நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அது நமக்குப் பெருமை. ஆனால் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பாடசாலையிற் சமமாக அமர வேண்டும் என ஆணை பிறந்தபோது அதை எதிர்த்தோர் நம்மவரே. பாடசாலைகள் சில தீக்கிரையும் ஆயின. நம் வாயில் அடைத்திருந்த பிள்ளைக்கு மிசன் வாயில் திறந்திருந்தது. அப்பிள்ளையைச் சோற்றுக்கு மாறியவன் என்று ஏசும் உரிமை நமக்கு ஏது?

பழைய மாணவர் சங்கங்கள் இன்று புலமைப் பணமும் வெள்ள நிவாரணமும் வழங்குகின்றன. அவற்றின் விண்ணப்பத்திலே சமயம் கேட்கும் வரி எதற்கு என்று செயற்குழுவில் ஒருவரேனும் வினவட்டும். உணவுப் பொதி வழங்குமிடத்திற் பிரார்த்தனை வேண்டுமெனில், கடைசிப் பொதியும் கைமாறிய பின், இருக்க விரும்புவோர் மட்டும் இருக்க, நடக்கட்டும்.