தரைக்கடியில் ஒரு பந்தி

தெருமுனையில் பல வருடங்களாக ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறதாம். அங்கே பூமிக்குள் புதைத்திருக்கும் டேங்க் கசிந்தால், பெட்ரோல் ஆவி தரை வழியாகத் தன் வீட்டுக்குள் ஏறிவிடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். புதிய பங்குகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே 50 மீட்டர் இடைவெளி வேண்டும், எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வகுத்தது. அது தரைக்கு மேலே அளக்கும் தூரம். வாசகரின் கவலை தரைக்குக் கீழே இருக்கிறது.

பெரும்பாலும் ஏறாது என்பதே பதில். தடுப்பது சிமென்ட் தளம் என்று நினைத்துவிட வேண்டாம். கசிவுக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே இருக்கும் சில அடி மண்தான் தடுக்கிறது.

கணக்குப்படி பார்த்தால் ஏறியிருக்க வேண்டும். கசிந்த பெட்ரோல் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். அதிலிருந்து கிளம்பும் ஆவி மண்துகள்களின் இடுக்கு வழியே மேலே பரவும். தளத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அதற்குப் போதும். 1991-ல் அமெரிக்காவின் பால் ஜான்சனும் ராபர்ட் எட்டிங்கரும் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார்கள். வழியில் ஆவிக்கு ஒன்றும் ஆகாது என்பது அதன் அனுமானம். உலர்சலவைக் கடைகளில் புழங்கும் குளோரின் கலந்த கரைப்பான்களுக்கு அது ஓரளவு பொருந்தியது. பெட்ரோல் விஷயத்தில் தவறிவிட்டது. அந்த நாட்டில் புதைடேங்க் கசிவுகள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. ஆவி வீட்டுக்குள் ஏறியது உறுதியான இடங்கள் மிகச் சொற்பம். மண்ணுக்குள் குழாய் இறக்கிக் காற்றை உறிஞ்சிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஓர் ஆழம் வரை ஆவி திணறத் திணற இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு மூன்று அடி ஏறுவதற்குள் ஆயிரத்தில் ஒரு பங்காக, சில இடங்களில் அதைவிடவும் குறைவாகச் சரிந்துபோகிறது.

அந்தச் சில அடிகளில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமாக ஒரே வரிசை. சாதம் சமையற்கட்டுப் பக்கமிருந்து வருகிறது, சாம்பார் வாசல் பக்கமிருந்து வருகிறது. சமையற்கட்டை ஒட்டிய இலைகளில் சாதம் குவிந்து கிடக்கும். பிசைந்து சாப்பிடச் சாம்பார் வந்து சேராது. வாசலோரத்து இலைகளில் சாம்பார் ஓடும், சாதம் இருக்காது. இரண்டும் சந்திக்கும் நடுவில், நாலைந்து இலைகளில் மட்டும் சாப்பாடு நடக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் பசியில், சாதம் அவர்களைத் தாண்டி வாசல் பக்கம் போகவே போகாது.

கீழிருந்து வரும் பெட்ரோல் ஆவிதான் சாதம். மேலிருந்து இறங்கும் ஆக்சிஜன் சாம்பார். மண்துகளைச் சுற்றிய ஈரப் படலத்தில் இலை போட்டு அமர்ந்திருப்பவை பாக்டீரியாக்கள். கசிவு கூடினால் சாதம் கூடும், சாப்பாடு நடக்கும் இடம் வாசலை நோக்கி நகரும். கசிவு வற்றினால் சமையற்கட்டை நோக்கிப் பின்வாங்கும். இங்கே பந்தி விசாரிக்க ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் பரிமாறும் வேகமே எல்லையைப் போட்டுவிடுகிறது. மண்ணில் மக்கும் இலைதழை அதிகமிருந்தால், வேறு பாக்டீரியாக்கள் வாசலிலேயே உட்கார்ந்து சாம்பாரைக் குடித்து முடித்துவிடும். அப்போது நடுப்பந்திக்குப் பற்றாக்குறைதான். மண் எலும்பாகக் காய்ந்துபோனாலும் பந்தி நடக்காது. உட்காருவதற்கு ஈரம் வேண்டும்.

இந்தப் பந்தியில் பரிமாறும் அளவும் முக்கியம். பெட்ரோலில் இருக்கும் பென்சீனில் 1 கிராமை முழுதாகத் தின்று தீர்க்கச் சுமார் 3 கிராம் ஆக்சிஜன் தேவை. ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 270 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே அளவு தண்ணீரில் கரைந்திருப்பது 8 கிராம் அளவுக்குத்தான். தண்ணீரில் அது பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே பட்டினி கிடக்கும் பாக்டீரியாக்களின் சொந்தக்காரர்கள், அதற்கு மேலே காற்றோட்டமுள்ள மண்ணில் செழித்து வாழ்கிறார்கள்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பெட்ரோலையும் பாரஃபினையும் தின்று வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி டச்சு அறிவியலாளர் சோன்கன் 1913-லேயே எழுதிவிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது 1980-ல், ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது. சட்ட வரலாற்றில் அந்தப் பாக்டீரியாவுக்குப் பெரிய இடம் உண்டு. எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்ததில் அப்படி இல்லை. இன்றைக்கும் பாட்டிலில் அடைத்து ‘எண்ணெய் தின்னி’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணில் பெரும்பாலும் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் ஆக்சிஜனுக்கு. சாம்பார் வராத பந்தியில் இன்னும் பத்துப் பேரை உட்காரவைத்து என்ன பயன்?

மண்ணின் திறமைக்கும் அதன் வரம்புக்கும் ஒரே இடத்தில் சாட்சி கிடைக்கிறது. 1979 ஆகஸ்ட் 20 அன்று மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி அருகே குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அள்ளியது போகச் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே தங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதைக் கவனித்துவருகிறது. எண்ணெய்க்குள் ஆக்சிஜன் இல்லாமலே உண்டாகும் மீத்தேன் மேலே ஏறும்போது, பாதி வழியில் ஆக்சிஜனைச் சந்தித்துத் தின்னப்படுகிறது. நிலத்தின் மேலே வந்து சேர்வது கார்பன் டை ஆக்சைடு. அந்த வேலையின் சூட்டில் சுற்றியுள்ள மண்ணைவிட அந்த இடத்து மண் வெதுவெதுப்பாகக்கூட இருக்கிறது. ஆனால் நாற்பது வருடம் கழிந்த பின்னும் எண்ணெய் அங்கேயே கிடக்கிறது. ‘இயற்கையே சுத்தம் செய்துகொள்ளும்’ என்று கசியவிட்டவர்கள் சொல்லும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாக்டீரியாக்கள் ஆவியைத்தான் வழிமறிக்கின்றன. கிணற்றுத் தண்ணீருக்கு அவை காவலில்லை.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் எடுத்த அளவுகளைத் திரட்டி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நீரில் கரைந்த மாசுக்கும் அஸ்திவாரத்துக்கும் இடையே 6 அடி சுத்தமான மண், மிதக்கும் பெட்ரோலாக இருந்தால் 15 அடி. அவ்வளவு இருந்தால் பொதுவாக ஆவியைப் பற்றிப் பயமில்லை.

பந்தி கலையும் சந்தர்ப்பங்களும் உண்டு. பரந்த கான்கிரீட் தளம் வாசல் கதவைச் சாத்திவிடும். ஆக்சிஜன் ஓரங்கள் வழியாகத்தான் உள்ளே வர வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் எழும்பினால் மிதக்கும் பெட்ரோல் தளத்தை நெருங்கும், மண்ணின் இடுக்குகளிலும் நீர் நிறையும். பாதாளச் சாக்கடைக் குழாய்க்குள் ஆவி புகுந்துவிட்டாலோ, பந்தியே இல்லாத குறுக்குவழி கிடைத்த மாதிரி. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் கவனிக்க வேண்டியது. அது ஆக்சிஜனில்லாத ஆழத்தில் சிதைந்து மீத்தேனாகும். அந்த மீத்தேனே ஆக்சிஜனைத் தின்று தீர்த்தால் பென்சீனுக்கு மிச்சமிருக்காது. எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போனால் தனியாக ஆராயுங்கள் என்கிறது அந்த வழிகாட்டி. நம் பங்குகளில் இப்போது விற்பது 20 சதவீதம் கலந்த பெட்ரோல்.

வீட்டுக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் பாக்டீரியாவுக்காகக் காத்திருக்கக் கூடாது. மின் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வாடை இல்லாவிட்டாலும் கிணற்று நீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள். பங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: டேங்க் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது கசிவுச் சோதனை நடந்தது, கார்த்திகையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது. உங்கள் பக்கத்து வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. வீட்டைச் சுற்றி மிச்சமிருக்கும் மண்ணைச் சிமென்ட் போட்டு மூடாதீர்கள். சாம்பார் வருகிற வழி அது.