ஒற்றைக் கொம்பு முளைத்தது எப்படி?

எபிரெய மொழியில் 'ரெஏம்' என்று ஒரு சொல் உண்டு. பழைய ஏற்பாட்டில் சில இடங்களில் வரும் காட்டு விலங்கின் பெயர் அது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டிப் பாருங்கள். அங்கே 'காண்டாமிருகம்' என்றிருக்கும். 1611இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பிலோ, நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள கற்பனை விலங்கு! இரண்டில் எது சரி? இரண்டுமே இல்லை.

குழப்பம் அலெக்சாந்திரியா நகரில் தொடங்கிற்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் யூத அறிஞர்கள் அங்கே மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தனர். ரெஏமைக் கண்ணால் பார்த்திராதவர்கள் போலும். 'மோனோகெரோஸ்' என்று எழுதினர். 'ஒற்றைக் கொம்பன்' என்பது அதன் பொருள். பின்னர் வந்த இலத்தீன் மொழிபெயர்ப்பில் அது சில இடங்களில் ஒற்றைக் கொம்பனாகவும், சில இடங்களில் காண்டாமிருகமாகவும் ஆயிற்று.

மூலத்தையே சற்றுக் கவனிப்போம். உபாகமம் 33ஆம் அதிகாரத்தில் ஒரே ரெஏமுக்குக் 'கொம்புகள்' என்று பன்மையில் வருகிறது. யோபு 39ஆம் அதிகாரத்திலோ, அதைக் கயிறு கட்டி உழவுக்குப் பயன்படுத்த முடியுமா, பரம்படிக்க வருமா என்று ஒரு கேள்வி. காண்டாமிருகத்தைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? மாட்டைப் போலவே இருந்தும் நுகத்துக்கு அடங்காத விலங்கைப் பற்றித்தான் அந்தக் கேள்வி எழும்.

19ஆம் நூற்றாண்டில் மெசபொத்தேமியாவின் ஆப்பு வடிவ எழுத்துகளை அறிஞர்கள் படித்தறிந்தபோது ஐயம் தீர்ந்தது. எபிரெயத்துக்கு உறவான அக்காதிய மொழியில் 'ரீமு' என்றால் காட்டு மாடு! 1885இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பிலும் 'காட்டு எருது' இடம்பெற்றது.

அந்த மாட்டை விலங்கியலார் 'ஆராக்ஸ்' என்பர். காளை ஏறக்குறைய 6 அடி உயரம் நிற்கும். இன்றைய வீட்டு மாடுகளுக்கு அதுவே மூதாதை. நம் திமில் மாடுகள் அதன் இந்தியக் கிளையிலிருந்து வந்தவை. கடைசி ஆராக்ஸ் 1627இல் போலந்து நாட்டுக் காட்டில் இறந்தது.

அப்படியானால் ஒற்றைக் கொம்பு எங்கிருந்து வந்தது? பாபிலோன் நகரின் இஷ்தார் வாயிலில் இந்தக் காளைகளின் புடைப்பு உருவங்கள் வரிசையாக உண்டு. எல்லாம் பக்கவாட்டுத் தோற்றம். ஒரு கொம்புதான் தெரியும். இத்தகைய படங்களே காரணம் என்று சிலர் கருதுகின்றனர். சுவையான ஊகம்தான், நேரடிச் சான்று இல்லை.

இன்றைய எபிரெயத்தில் ரெஏம் என்பது வேறொரு விலங்கின் பெயர்: நீண்டு நேரான கொம்புகளையுடைய ஓரிக்ஸ் என்னும் பாலைவன மான். அதையும் பக்கவாட்டில் பார்த்தால் சில வேளைகளில் ஒரே கொம்புதான் தெரியும்!