மிரர் இருந்துச்சு, சர்வர் எந்திரிக்கல

போன லீவுல காளவாசல் பைபாஸ் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் பண்ணினேன். ஒரு மத்தியானம் கரண்ட் போச்சு, கொஞ்ச நேரத்துல யுபிஎஸ்ஸும் கையை விரிச்சிருச்சு. கரண்ட் வந்ததும் மத்த மெஷின் எல்லாம் எந்திரிச்சது. டெபியன் ஓடுற பழைய சர்வர் மட்டும் பூட் டிஸ்க் இல்லைன்னு கருப்புத் திரையில நின்னுச்சு. "ரெண்டு டிஸ்க் மிரர்ல இருக்கேப்பா, அப்புறம் எப்படி?"ன்னு அண்ணன் கேட்டார்.

மிரரிங் என்பது ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்லயும் எழுதுவது. 1988-ல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் இது ரெய்டு முதல் லெவல் ஆனது. லினக்ஸ்ல இதை எம்டிஆட்ம் வச்சு அமைக்கிறோம். ஆனா பவர் பட்டனை அழுத்தினதும் முதல்ல ஓடுறது லினக்ஸ் இல்ல, போர்டுல இருக்கிற ஃபர்ம்வேர். அதுக்கு மிரர்னா என்னன்னே தெரியாது. ஏதோ ஒரு டிஸ்க்ல பூட்லோடர் இருக்கான்னு மட்டும் பார்க்கும்.

நடந்தது இதுதான். முதல் டிஸ்க் பல வாரம் முன்னாடியே செத்துப்போச்சு. ரெண்டாவது டிஸ்க்ல சர்வர் ஜோரா ஓடிக்கிட்டிருந்ததால யாருக்கும் தெரியல. எச்சரிக்கை மெயில் ரூட் அக்கவுன்ட்டுக்குப் போயிருக்கு; அதை யார் திறந்து பார்க்கிறா? கிரப் பூட்லோடர் இருந்ததோ செத்த டிஸ்க்ல மட்டும். ரெஸ்க்யூ பென்டிரைவ் போட்டு, ரெண்டாவது டிஸ்க்லயும் கிரப்பை நிறுவினோம். டேட்டா ஒரு பைட்டும் போகல.

பழைய பயாஸ் மெஷின்னா அவ்வளவுதான்: ரெண்டு டிஸ்க்லயும் கிரப். யுஇஎஃப்ஐ மெஷின்ல ஒரு சிக்கல் கூட. அங்க பூட்லோடர் தனியா ஒரு ஃபேட் பார்ட்டிஷன்ல உட்காரும். ரெண்டு டிஸ்க்லயும் அப்படி ஒண்ணு வச்சு, கெர்னல், கிரப் அப்டேட் வரும்போதெல்லாம் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். எஃப்எஸ்டேப் ஃபைல்ல இந்தப் பார்ட்டிஷன்களுக்கு நோஃபெயில் போடலைன்னா, ஒரு டிஸ்க் இல்லாதப்ப சர்வர் எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்? சின்ன சர்வருக்கு என் ஓட்டு, ஓஎஸ்ஸுக்குன்னு ரெண்டு சின்ன எஸ்எஸ்டி, சாஃப்ட்வேர் மிரர். ஹார்டுவேர் ரெய்டு கார்டுல பூட் பிரச்சினை கிடையாது, ஃபர்ம்வேருக்கு ஒரே டிஸ்க்காத்தான் தெரியும். ஆனா கார்டு செத்தா அதே வகைக் கார்டைத் தேடி அலையணும். எம்டி டிஸ்க்கை எந்த லினக்ஸ் மெஷின்லயும் மாட்டிப் படிக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி எடுத்தா இன்ஸ்டாலரே இசட்எஃப்எஸ் மிரர் போட்டுத் தரும். ரெண்டு நகல்ல எது கெட்டதுன்னு செக்சம் வச்சு அது கண்டுபிடிக்கும். எம்டிக்கு அது தெரியாது. ஆனா அங்கயும் செத்த டிஸ்க்கை மாத்தும்போது புதுசுல பூட் கோடு போட மறந்தா, நம்ம கதைதான். பென்டிரைவ்ல ஓஎஸ் வைக்கிற யோசனை வேண்டாம். ஓயாம லாக் எழுதி அது சீக்கிரம் தேஞ்சிரும்.

மிரர் இருக்குன்னு பேக்கப்பை விட்டுறாதீங்க. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்ல ஒரு எஞ்சினியர் தவறுதலா டேட்டாபேஸ் டைரக்டரியையே அழிச்சார். சுமார் ஆறு மணி நேர டேட்டா திரும்ப வரவே இல்லை. அழிக்கிற கட்டளையையும் மிரர் விசுவாசமா ரெண்டு டிஸ்க்லயும் நிறைவேத்தும்.

புது டிஸ்க் மாட்டி, சிங்க் முழுசா முடிஞ்சப்புறம், அந்தச் சனிக்கிழமை மெஷினை அணைச்சு ஒரு டிஸ்க் கேபிளைக் கழட்டிப் பூட் பண்ணினோம். வந்துச்சு. அதைத் திரும்பச் சேர்த்து, சிங்க் முடியற வரைக்கும் டீ குடிச்சிட்டு, அடுத்ததைக் கழட்டினோம். ஒன்றரை நிமிஷம் எதுக்கோ காத்து நின்னுட்டு அப்புறம்தான் வந்துச்சு. பார்த்தா, ஸ்வாப் மிரருக்கு வெளியே அந்த ஒத்தை டிஸ்க்ல இருந்திருக்கு. ஓடிக்கிட்டிருக்கும்போது அந்த டிஸ்க் போயிருந்தா, ஸ்வாப்ல இருந்த புரோகிராம் எல்லாம் விழுந்திருக்கும். அன்னைக்கு சாயங்காலமே அதையும் மிரருக்குள்ள மாத்திட்டுத்தான் கிளம்பினோம்.