பாட்டோடு வந்த மீனாட்சி அம்மாள்



நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில், பிள்ளை மடுவத்தில் பெண்களைக் கூட்டியிருந்தோம். கொழும்பிலிருந்து வந்த கலாசார ஆலோசகர் ஒரு படிவத்தைத் தந்து என்னையே கேட்கச் சொன்னார். "உங்கள் கலாசாரத் தேவைகள் யாவை?" கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சமூகவியல் படித்த எனக்கே அந்தக் கேள்வி விளங்கவில்லை.

அப்போது மீனாட்சி அம்மாள் நினைவுக்கு வந்தார். ஆலோசகர் என்ற பெயர் இல்லாமலே இந்த வேலையை இதே மலைகளில் செய்தவர் அவர். கணவர் கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். வெளியார் தோட்டத்துக்குள் காலெடுத்து வைப்பதே கடினமாயிருந்த காலம் அது. தொழிலாளர் கூட்டங்களில் அம்மாள் பாடுவார். பாரதியார் பாடல்களையும் பாடுவார், தாமே கட்டிய பாடல்களையும் பாடுவார்.

1939இல் அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. மறு ஆண்டே, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தை அம்மாள் வெளியிட்டார். அரசியலை ஏன் பாட்டாக்கினார்? கூட்டத்தில் கேட்ட பேச்சை லயத்துக்குப் போய்த் திருப்பிச் சொல்வது எல்லோராலும் ஆகாது. பாட்டென்றால் எழுத்துத் தெரியாதவளும் மலையில் நின்று முணுமுணுக்கலாம். கங்காணி கேட்டால், "சும்மா பாட்டுத்தானுங்க" என்று சொல்லித் தப்பலாம். என் யோசனை இது. நடேசய்யரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. அம்மாளைப் பற்றிக் கிடைப்பது சொற்பமே. எனக்கு அது பெரிய மனக்குறை.

படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "உங்க அம்மா என்ன பாட்டுப் பாடுவாங்க?" என்று கேட்டேன். முதலில் சிரிப்பு. பிறகு ஒருத்தி தாலாட்டு எடுத்தாள். இன்னொருத்தி, மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேடம்கூட ஆண்களே கட்டுகிறார்களே என்று குறைப்பட்டாள்.

ஓரத்தில் ஓர் அக்கா பேசாமலே இருந்தார். 1977 கலவரத்துக்குப் பின் சிறுமியாகப் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். 2009க்குப் பிறகு, மகனில்லாமல் தங்கை வீட்டுக்குத் திரும்பியவர். எல்லோரும் ஓய்ந்த பிறகு மெல்ல ஒப்பாரி தொடங்கினார். மகனுக்குப் பிடித்த மரவள்ளிக் கிழங்கு அதில் வந்தது, பதுங்கு குழி வந்தது, பெயர் கொடுத்துவிட்டு வந்த அலுவலகங்களும் வந்தன. யாரும் எழுந்து போகவில்லை. ஆலோசகரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை எழுதிக்கொள்ளலாமா அக்கா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. அவன் பேரையும் போடுங்க."

படிவத்தில் அதற்கு இடமில்லை. பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.