பெட்ரோல் டாங்கில் மக்காச்சோளம்

பண்ணைக்காடு டீக்கடையில் ஆம்லெட்டுக்கு உடைக்கும் முட்டைக்கும், வாசலில் நிற்கும் பைக்கின் பெட்ரோலுக்கும் நடுவே ஒரு பயிர் நிற்கிறது: மக்காச்சோளம். நாமக்கல் கோழிகளுக்கு அதுதான் முக்கியத் தீவனம். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை இந்தியா 2025-இல் எட்டியது. அந்த எத்தனால் இப்போது கரும்பைவிட மக்காச்சோளத்திலிருந்தே அதிகம் வருகிறது. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். இந்தத் தேவையால், மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாம், 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கினோம். மானாவாரி விவசாயிக்கு அப்போது நல்ல விலை கிடைத்தது மகிழ்ச்சி. சிறு கோழிப்பண்ணைக்காரருக்கோ தீவனச் செலவு கழுத்தை நெரித்தது. எத்தனால் வடித்து மிஞ்சும் புரதச் சக்கை மறுபடி கோழித் தீவனத்துக்கே வருகிறது. பூஞ்சை நச்சு இல்லையென்று சோதித்த பிறகே அதைக் கலக்க வேண்டும்.