பிழை எண் என்பதும் ஒரு பதில்தான்

லினக்ஸில் ஒரு கனெக்ட் அழைப்பு தோற்றுப்போனால் கர்னல் நமக்குத் தருவது ஒரே ஒரு எண். திரும்ப முயற்சி செய்யணுமா, வேற முகவரியைப் பார்க்கணுமா, கைவிடணுமா என்று மேலே இருக்கிற புரோகிராம் அதை வைத்துத்தான் முடிவெடுக்கணும்.

நல்ல உதாரணத்தை முதலில் பார்ப்போம். 111 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது. எதிர்ப்பக்கமிருந்து ரீசெட் வந்திருக்கிறது. பெரும்பாலும் மெஷின் ஓடுது, அந்த போர்ட்டில் சர்வர் ஓடலை. 110 என்றால் பதிலே இல்லை. சின் பாக்கெட்டைப் பல முறை திரும்ப அனுப்பிப் பார்த்த பிறகுதான் இது வரும். முதலாவதுக்கு சர்வரைப் பாருங்க, இரண்டாவதுக்கு வழியையோ ஃபயர்வாலையோ பாருங்க. இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்திருந்தால் எங்கே தேடுவது? (மேக்கில் 111-க்குப் பதில் 61. அதனால கோடில் எண்ணை எழுதாமல் பெயரை எழுதணும்.)

இப்போ ரூட்டிங் டேபிள். ஒரு முகவரிக்குப் போகவிடாமல் தடுக்க ஐபி ரூட் கட்டளையில் பல வகை உண்டு. 'அன்ரீச்சபிள்' போட்டால் உள்ளூர் புரோகிராமுக்கு ஈஹோஸ்ட்அன்ரீச் வரும். 'ப்ரொஹிபிட்' போட்டால் ஈஆக்சஸ், அதாவது அனுமதி இல்லை. இரண்டும் சரியான பதில். 'பிளாக்ஹோல்' போட்டால் வருவது ஈஇன்வால்: செல்லாத ஆர்குமெண்ட்!

ஆர்குமெண்டில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இந்தப் பிழையைப் பார்க்கிறவர் முதலில் தன்னோட கோடைத்தான் சந்தேகப்படுவார். முகவரி ஸ்ட்ரக்சர், நீளம், பைட் வரிசை எல்லாம் சரிபார்ப்பார். ரூட்டிங் டேபிள் நினைவுக்கு வர ரொம்ப நேரமாகும்.

இன்னொன்று: தற்காலிக போர்ட்கள் (டீஃபால்ட்டாக 32768 முதல் 60999 வரை) தீர்ந்துபோனால், 'கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை' என்று வரும். நாம எந்த முகவரியும் கேட்கவே இல்லையே!

அப்போ எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெயர் பொருத்தமா இருக்கான்னு மட்டும் பார்த்தால் போதாது. இதைப் பார்க்கிறவர் அடுத்து எங்கே தேடுவார், புரோகிராம் அடுத்து என்ன செய்யும் என்று கேட்கணும். ஈஇன்வாலை, அழைத்தவர் உண்மையிலேயே தப்பா அழைத்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இதை முதல் நாளே யோசிக்கணும். வெளியான பிறகு அந்த எண்ணை நம்பி யாராவது ஒரு 'இஃப்' எழுதியிருப்பாங்க. அப்புறம் அதை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் உடையும். அதனால தப்பான எண்கூட அப்படியே தங்கிவிடும்.